மையம் இருட்டாக இருக்க வேண்டும்

பகலில் நான் ரிச்சி தெருவில்
ஃபேன் கண்டென்சர் விற்கிறேன்.
இரண்டரை மைக்ரோ நாற்பது ரூபாய்,
மூன்று புள்ளி ஒன்றைந்து என்றால் ஐம்பது.
“மெதுவா சுத்துதும்மா” என்று வருவார்கள்,
வீட்டுப் புழுக்கத்தை முகத்திலேயே எடுத்துக்கொண்டு.

ஐந்தரைக்குக் கல்லாச் சாவியை நஸீர் பாயிடம் கொடுத்துவிட்டு
மாலைக் கல்லூரிக்கு நடப்பேன்.
அங்கே கரும்பலகையில் அதே கண்டென்சர்:
இரண்டு தட்டு, நடுவே ஒன்றுமில்லை.
அந்த ஒன்றுமில்லாததற்கும் ஒரு மின்னோட்டம் உண்டென்று
கணக்கு இடிக்காமலிருக்க
மேக்ஸ்வெல் சேர்த்துவைத்த ஓர் உறுப்பு.
மூன்று வருடமாய் விற்றிருக்கிறேன்,
உள்ளே இருக்கும் இடைவெளிக்கும் சேர்த்துத்தான்
காசு வாங்குகிறேன் என்று தெரியாமல்.

லென்ஸ் விதி எனக்குப் புதிதில்லை.
எந்த மாற்றம் வந்தாலும்
அதை எதிர்க்கும் திசையில் ஒன்று கிளம்பும்.
வியாசர்பாடியில் எங்கள் வீட்டில்
நான் விண்ணப்பம் வாங்கிவந்த அன்றே கிளம்பியது.
“பிசிக்ஸ் படிச்சு ஃபேன் விப்பியா?”
ஃபேன்கூட இல்லை அண்ணா, கண்டென்சர்.
எதிர்ப்பு இருக்கிறதென்றால்
மாற்றம் இன்னும் நிற்கவில்லை என்று அர்த்தம்.
பரீட்சையில் இப்படி எழுதினால் மார்க் கிடையாது.

அப்புறம் பெட்டிக்குள் துகள்.
சுவர்களைத் தாண்ட முடியாது.
பெட்டி ஒடுங்க ஒடுங்க
அதன் மிகக் குறைந்த ஆற்றலும் ஏறிக்கொண்டே போகும்,
சும்மா கிடக்க அதற்குக் கொடுத்துவைக்கவில்லை.
பத்துக்குப் பன்னிரண்டு அறை, ஆறு பேர்;
இதை நான் நிரூபிக்கவே வேண்டாம் என்றேன் கிளாடிஸிடம்.
சிரித்துவிட்டு, பதினைந்து மார்க் கேள்வி,
உட்கார்ந்து எழுது என்றாள்.

டிசம்பர் மழை. இருட்டறை.
சோடியம் விளக்கு சூடேறப் பத்து நிமிடம்.
முதலில் ரோஜா நிறம், பிறகு மஞ்சள்,
பிறகு மஞ்சளைத் தவிர உலகத்தில் ஒன்றுமில்லை.
கிளாடிஸின் சிவப்புத் துப்பட்டா சாம்பலாயிற்று.
என் வளையல்களில் எது பச்சை, எது நீலம்
எனக்கே தெரியவில்லை.

நுண்ணோக்கிக்குள் வளையங்கள்.
லென்சும் கண்ணாடியும் தொடுகிற இடம்
இருட்டாக இருக்க வேண்டும், அதுதான் புத்தகம்.
எங்களுக்கு வெளிச்சமாக இருந்தது.
“தூசி,” என்றாள்.
கழற்றினோம், ஊதினோம், துடைத்தோம், வைத்தோம்.
வெளிச்சம்.
மூன்றாம் முறையும் வெளிச்சம்.
பக்கத்து மேசையில்
ஐயாயிரத்து எண்ணூற்றுத் தொண்ணூற்று மூன்றை முதலில் எழுதிவிட்டு
அதிலிருந்து பின்னோக்கி
வளையங்களைத் தயாரித்துக்கொண்டிருந்தார்கள்.

நாங்கள் அளந்தோம்.
கண்ணில் நீர் வர, இருபதாவது வளையம்வரை.
விட்டங்களை வர்க்கமாக்கி
ஒன்றிலிருந்து ஒன்றைக் கழிக்கும்போது
கிளாடிஸின் பேனா நின்றது.
“ரெண்டு பக்கமும் அதே தூசிதான்டி.
கழிஞ்சு போயிடுது பாரு.”

எவ்வளவு உயரம் என்று தெரிய வேண்டியதில்லை.
எங்களால் துடைக்க முடியாதது, அளக்கவும் முடியாதது,
இரண்டு வர்க்கங்களுக்கு நடுவே
சத்தமில்லாமல் விழுந்துவிட்டது.

விடை ஐயாயிரத்து எண்ணூற்று அறுபது.
முப்பத்து மூன்று ஆங்ஸ்ட்ராம் குறைகிறது.
அடிக்கவில்லை, திருத்தவில்லை.
‘மையம்’ என்ற கட்டத்தில் அவள் எழுதினாள்:
வெளிச்சம்.

வாசலுக்கு வந்ததும் துப்பட்டா மறுபடி சிவந்தது.
அது எங்கும் போயிருக்கவில்லை,
உள்ளே கேட்க ஆளில்லை, அவ்வளவுதான்.

பேசின் பிரிட்ஜுக்கு முன்னால் வண்டி வழக்கம்போல் நின்றது.
எதற்கென்று யாருக்கும் தெரியாது.
மடியில் ரெக்கார்டு நோட்டு,
ஜன்னல் கம்பியிலிருந்து ஒரு சொட்டு
அட்டவணையின் நான்காம் வரிசையில் விழுந்து
எட்டைப் பெரிதாக்கிக் காட்டியது.